பல்வலி: மூன்று புள்ளி ஒன்று

தண்ணிழல் காப்பீட்டு நிறுவனம் மூன்றாவது முறையாக அனுப்பிய பதிலிலும் செண்பகவடிவின் பல்வலி மூன்று புள்ளி ஒன்று என்றுதான் இருந்தது. ஆறுக்குக் குறைந்த வலிக்கு அனுமதி கிடையாது.

டாக்டர் நஸ்ரீன் அந்தப் பதிலைத் திரையில் படித்துவிட்டு வடிவின் திறந்த வாயைப் பார்த்தாள். பிறகு மறுபடி திரையைப் பார்த்தாள். வலது கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு அடியில் ஈறு பட்டாணி அளவுக்கு வீங்கிப் பளபளத்தது. கன்னத்தில் விரல் பட்டாலே வடிவுக்குக் கண்ணோரம் நீர் கோத்தது.

“இது மூணாக்கா?” என்றாள் நஸ்ரீன். “இதே வீக்கத்தோட போன மாசம் ஒரு போலீஸ்காரர் வந்தாரு. நாற்காலியில உக்கார மாட்டேன்னு ஒரே அழுகை. அவருக்கு எட்டு புள்ளி ரெண்டு. மறுநாளே அனுமதி வந்துட்டு.”

வாய்க்குள்ளிருந்து கண்ணாடியை எடுத்த பிறகுதான் வடிவால் பேச முடிந்தது. “எக்ஸ்ரே எடுத்தீங்கல்லா டாக்டரம்மா? அத அனுப்புனா ஒத்துக்கிட மாட்டானா?”

“எக்ஸ்ரேய இப்ப எவன் நம்புதான்? நல்ல பல்லச் சொத்தையாக் காட்டுற படத்தக் கம்ப்யூட்டர் ஒரு நொடியில வரைஞ்சு தள்ளிரும். எங்க ஆளுங்களே ஆயிரக்கணக்குல அனுப்பி வாங்கித் தின்னாங்க. அப்புறம்தான் கம்பெனிக்காரன் சொன்னான், படத்தப் பொய்யாக்கலாம், நரம்பப் பொய்யாக்க முடியாதுன்னு.”

அந்த நரம்பைக் கேட்பதற்காகத்தான் காப்பீடு எடுத்த ஒவ்வொருவருடைய காதுக்குப் பின்னாலும் அரிசி அளவில் ஒரு கருவியைத் தோலுக்கடியில் வைத்திருந்தார்கள். வலிமணி என்று அதற்கு ஊரில் பெயர். வலிமணி இரவு பகலாகக் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்று நாள் வலியின் சராசரி ஆறைத் தொட்டால் தண்ணிழல் பணம் கட்டும். இடையில் ஒரு மாத்திரை விழுங்கினாலும் மூன்று நாளும் முதலிலிருந்து தொடங்கும். அப்படி மூன்று முறை மூன்று நாளாக, ஒன்பது நாள் மாத்திரையில்லாமல் இருந்துதான் வடிவு இந்த மூன்று புள்ளி ஒன்றைச் சம்பாதித்திருந்தாள்.

“சனிக்கிழமைக்குள்ள வேரச் சுத்தம் பண்ணி மூடணும்க்கா. அதுக்கு மேல சீழு எலும்புக்கு எறங்கிரும். அப்புறம் புடுங்குறதத் தவிர வேற வழியில்ல.”

அன்று செவ்வாய்க்கிழமை.

“புடுங்கக் கூடாது டாக்டரம்மா. இது போச்சுன்னா என் சோலியே போச்சு.”

கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சுவதிலிருந்து பொட்டலம் ஒட்டுவது வரைக்கும் இயந்திரம் வந்துவிட்டது. கடித்துப் பார்ப்பதற்கு வந்த இயந்திரம் மட்டும் தோற்றுப்போய் மூலையில் கிடந்தது. பல்லில் ஒட்டிக்கொண்டு இழுபடும் மிட்டாயை அது நல்ல மிட்டாய் என்று பச்சை விளக்குப் போட்டது. ஆகவே ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒரு துண்டை எடுத்துக் கடைவாயில் வைத்து, முதல் கடிக்கே நொறுங்குகிறதா என்று சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. ஒன்பது வருடமாக அந்த ஆள் வடிவு. ஒரு நாளைக்கு எண்பது தட்டு. கடித்ததை விழுங்காமல் துப்பிவிட வேண்டும் என்பது கம்பெனியின் விதி. வெல்லத்துக்கு விதியெல்லாம் தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன்பே அது வடிவின் இடது கடைவாய்ப்பல்லைத் தின்று முடித்திருந்தது. அதைக் காப்பாற்றுவதற்காகச் சீட்டுப் பணத்தை எடுத்துச் செலவழித்தும் பல் நிற்கவில்லை. இனிமேல் கையிலிருந்து கட்டி வைத்தியம் பார்க்க வழி இல்லை. கடிப்பதற்கு அவளிடம் மிஞ்சியிருந்தது வலது பக்கம் மட்டும்தான்.

மறுநாள் காலையில் பன்னிரண்டாவது தட்டுக்குள்ளேயே ஞானமுத்து அண்ணாச்சி ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவர்தான் மேற்பார்வை.

“வடிவு, இத நீதான பாஸ் பண்ணுன?”

“ஆமா அண்ணாச்சி.”

“கடிச்சுப் பாரு.”

முன்பல்லால் கடித்தாள். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

“முன்பல்லால கடிக்கதுக்கு அணில் போதுமே. ஒனக்கு எதுக்குச் சம்பளம்? இது இழுக்குது தாயி. போன வாரம் மதுரையிலருந்து ரெண்டு பெட்டி திரும்பி வந்துட்டு. திங்கக்கிழமைக்குள்ள வாயச் சரி பண்ணிக்கிட்டு வா. இல்லன்னா பொட்டலம் அடுக்குற மேசைக்குப் போயிரு. வைய வேண்டாம்னு பாக்கேன்.”

பொட்டலம் அடுக்கும் மேசையில் சம்பளம் பாதி. அங்கே பத்து வருடமாக நிற்கும் முத்துப்பேச்சி, சாப்பாட்டு நேரத்தில் வடிவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“என் மேசைக்கு வரப்போறியாமே? வா, வா. இங்கன பல்லே தேவையில்ல. ரெண்டு கை போதும்.”

“போக்கா, நீ வேற.”

“சும்மா சொன்னேன்ளா. எவ்வளவு காட்டுது?”

வடிவு போனைத் திருப்பிக் காட்டினாள். மூன்று புள்ளி இரண்டு.

“நீ பரவாயில்ல. எனக்குப் பித்தப்பைக் கல்லுக்கே ரெண்டு புள்ளி எட்டுதான் காட்டுச்சு. துடிச்சுப்போய்க் கெடக்கேன், போன்ல அந்தப் பொம்பளக் குரலு ‘தாங்கள் நலமாக இருக்கிறீர்கள்’னு சொல்லுது.” முத்துப்பேச்சி குழம்பைப் பிசைந்தாள். “பிரசவ வார்டுல வச்சு மணி மாட்டுன எவளுக்கும் அவன் காசு தர மாட்டான். தெரியும்லா? ஆம்பளைங்களுக்கு ஆபீஸ்ல ஐஸ் வாளிக்குள்ள கைய விடச் சொல்லி, அந்தக் குளிர அஞ்சுன்னு வச்சு அளவு போட்டான். நமக்கு வாளி எங்க வச்சான்? பிள்ளைக்கு ஒரு வருசம் காப்பீடு இலவசம்னு சொல்லி, இடுப்பு வலியில கத்திக்கிட்டிருக்கயில கைநாட்டு வாங்குனான். அன்னைக்கு உள்ளதுலயே பெரிய வலியத் தானாவே பத்துன்னு எடுத்துக்கிட்டு. பிள்ளை பெத்த வலி பத்துன்னா, பல்லு வலிக்கு அவன் மூணு போட்டதே தர்மம்.”

“அப்ப என்ன செய்யச் சொல்லுத?”

“அழு. நீ அடக்குத பாரு, அதான் ஏற மாட்டேங்கு.”

வடிவு அழுது பார்த்தாள். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் முயன்றதில் மூன்று புள்ளி மூன்று வந்தது. கேன் தண்ணீரில் ஐஸ் போட்டுக் கொப்பளித்தாள். சுடச்சுட டீயை வலது பக்கமாகவே ஊற்றிக்கொண்டாள். கடைசியில் சூடு ஆறாத மிட்டாய்த் துண்டு ஒன்றை எடுத்து அந்தப் பல்லின் மேலேயே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள். மண்டைக்குள் எதுவோ வெடித்தது போலிருந்தது. நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். போனைப் பார்த்தபோது மூன்று புள்ளி ஒன்பது என்று ஒரு கணம் காட்டிவிட்டு எண் இறங்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் வீட்டில் அவள் கணவன் பலவேசம் முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். அவன் மினி லாரி ஓட்டுகிறவன். போன வருடம் தண்ணிழல் செலவில் இரண்டு பல்லுக்குத் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தான். அவனுடைய வலி ஏழு புள்ளி நான்கு என்று வந்திருந்தது. முறுக்கு நொறுங்கும் சத்தத்தைக் கேட்கக் கேட்க வடிவுக்கு ஆத்திரமாக வந்தது.

“கொஞ்சம் பைய மெல்லக் கூடாதா?”

“முறுக்க எப்பிடி ஏளா பைய மெல்லதுக்கு?”

“எனக்கு இங்கன உயிரு போகுது. ஒங்களுக்கு ஏழு எப்பிடி வந்துச்சு? அன்னைக்கு ராத்திரி பூரா கொறட்ட விட்டுத்தான தூங்குனிய?”

“எனக்கு என்ன தெரியும்? மணி சொல்லுச்சு.”

“மணி சொல்லுச்சு! ஐஸ் வாளிக்குள்ள கைய விட்டதுக்கே ஆபீஸ் கேக்கக் கத்துன ஆளுல்லா நீங்க.”

எட்டு வயது மகள் மகிழா வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்கிச் சிரித்தாள். பலவேசத்துக்கும் சிரிப்பு வந்தது. வடிவின் முகத்தைப் பார்த்ததும் முறுக்குத் தட்டைத் தள்ளி வைத்தான்.

“நான் வேணா ஒங்கூட ஆபீசுக்கு வரட்டா?”

“வேண்டாம். லோடு இருக்குன்னியள்லா? அத விட்டா அதுவும் போவும். நான் பாத்துக்கிடுதேன்.”

வியாழக்கிழமை முழுவதும் போனில் போயிற்று. “வணக்கம். தங்கள் வலி எங்களுக்கு முக்கியமானது” என்று தொடங்கியது குரல். அளவு தவறாக இருக்கிறது என்று புகார் சொல்ல ஐந்தை அழுத்தச் சொன்னது. ஐந்தை அழுத்தினால் தாங்கள் இப்போது மிகுந்த வலியில் இருக்கிறீர்களா என்று கேட்டது. ஆம் என்றாள். தங்கள் வலிமணி மூன்று புள்ளி ஒன்று காட்டுகிறது, ஆகவே இந்த அழைப்பு அவசரம் இல்லாத வரிசைக்கு மாற்றப்படுகிறது என்றது. அவசரம் இல்லாத வரிசையில் நாதஸ்வரம் வாசித்தார்கள். நாற்பது நிமிட நாதஸ்வரத்துக்குப் பிறகு வேறொரு குரல் வந்தது. அளவுத் திருத்தத்துக்குக் கிளை அலுவலகத்துக்கு நேரில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டு, வலி குறைய வாழ்த்துத் தெரிவித்தது.

வெள்ளிக்கிழமை சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டுத் திருநெல்வேலிக்கு பஸ் ஏறினாள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் தாடையைக் கையால் ஏந்திக்கொண்டாள். அலுவலகத்தில் டோக்கன் கொடுக்கும் இயந்திரமும் காதுக்குப் பின்னால் இருக்கும் மணியைப் படித்துத்தான் டோக்கன் கொடுத்தது. ஆறுக்கு மேல் உள்ளவர்களுக்குச் சிவப்பு, மற்றவர்களுக்கு வெள்ளை. அவளுக்கு வெள்ளை, எண் அறுபத்தெட்டு. பக்கத்து இருக்கையில் விரலில் சின்னக் கட்டுப் போட்டிருந்த ஓர் ஆள் சிவப்புச் சீட்டை விசிறிக்கொண்டிருந்தார்.

“என்ன ஆச்சுங்க?” என்று கேட்டாள்.

“கதவு நசுக்கிட்டுங்க. ஆறு புள்ளி அஞ்சு” என்றார் அவர் பெருமையாக.

மூன்று மணிக்கு அவள் எண் வந்தது. ஏழாம் எண் அறையில் ஹெப்சிபா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். அளவுத் திருத்த அலுவலர் என்று மேசைப் பலகையில் எழுதியிருந்தது. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வடிவு பேசத் தொடங்கியதும் அவளே கையைக் காட்டி நிறுத்தினாள்.

“பேச வேண்டாம்க்கா, வாயப் பாத்தாலே தெரியுது. பிரசவ வார்டுச் சேர்க்கைதான? எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தேதி?”

வடிவு சொன்னாள்.

“காலையிலருந்து நீங்க பதினோராவது ஆளு. மேல எழுதி எழுதி, பிரசவத் திருத்தம்னு போன மாசம்தான் ஒண்ணு கொண்டாந்திருக்காங்க. பிரசவ நேரத்துல பதிவான வலியக் கணக்குலருந்து எடுத்துருவோம். அதுக்கப்புறம் அந்த நாள்ல மிச்சம் இருக்கிற பெரிய வலி எதுவோ அதான் பத்து. தையல் போட்ட வலி, ஊசி வலி, அந்த மாதிரி. அளவு சரசரன்னு எறங்கிரும். உங்க பல்லு மேல ஏறிரும்.”

“நெசமாவா?”

“காலையில வந்த பத்துப் பேருக்கும் நின்ன எடத்துலயே அனுமதி குடுத்து அனுப்பியிருக்கேன். உக்காருங்க.”

வடிவு உட்கார்ந்தாள். பன்னிரண்டு நாளாக இறுகிப் பிடித்திருந்த தோள் அவளை அறியாமல் தளர்ந்தது. ஹெப்சிபா எதையோ தட்டினாள். காத்திருந்தாள். மறுபடி தட்டினாள். அவள் புருவம் சுருங்கியது.

“என்ன தாயி?”

“பிரசவ நேரத்த எடுத்துட்டேன். அளவு நகர மாட்டேங்கு.” அவள் நாற்காலியை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் போட்டாள். “உங்க பத்து பிரசவ வலி இல்லக்கா. இருங்க, படமாவே பாப்போம்.”

திரையைப் பாதி வடிவின் பக்கம் திருப்பினாள். எட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு நாள் அதில் ஒரே கோடாக ஓடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து சின்னச் சின்ன மேடுகள். மத்தியானத்துக்கு மேல் மேடுகள் நெருங்கி நெருங்கி உயர்ந்தன. நான்கு மணி தாண்டியதும் அடுத்தடுத்துக் கடைசி இரண்டு மேடுகள். அதோடு கோடு இறங்கித் தரையோடு தரையாக ஓடியது. அரை மணி நேரச் சமவெளி. அதற்கப்புறம் திடீரென்று ஒரு கோடு செங்குத்தாக எழுந்து திரையின் உச்சியைத் தொட்டு நின்றது.

“இங்க பாருங்க, இதான் பிரசவம். நாலு மணி ரெண்டு நிமிசம், நாலு மணி ஒம்பது நிமிசம். உங்க அளவுல இது வெறும் அஞ்சுதான். நான் பாத்ததுலயே பிரசவம் அஞ்சுல இருக்கிறது உங்களுக்குத்தான்.” ஹெப்சிபாவின் விரல் நகர்ந்து உச்சியில் நின்றது. “பத்து இது. நாலு நாப்பதுக்கு. பதினோரு நிமிசம் அங்கயே நின்னிருக்கு. அப்புறம் ஊசி போட்டிருப்பாங்க போல, படக்குன்னு எறங்கியிருக்கு. பிரசவமெல்லாம் முடிஞ்சு அரை மணி நேரம் கழிச்சு இப்பிடி ஒரு வலிக்கு வேலையே இல்லையே. ஆஸ்பத்திரி ஏட்டுல அந்த நேரத்துக்கு ஆபரேசன், கிழிசல், ரத்தப்போக்கு எதுவும் இல்ல. நாலு நாப்பதுக்கு என்ன ஆச்சுக்கா?”

வடிவு அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணும் ஆகல” என்றாள். எட்டு வருடமாக எல்லாரிடமும் சொல்லிப் பழகிய பதில் அது. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“அப்ப மெசின் கோளாறுதான். ஆரம்பத்துல வந்த மணியில இந்தக் கோளாறு உண்டு.” ஹெப்சிபாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். “இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. அந்தக் கோட்ட அழிச்சுருவேன். அழிச்சா உங்க பல்லுவலி எவ்வளவு தெரியுமா? எட்டு புள்ளி ஆறு. நாளைக்குக் காலையில டாக்டர் வேலைய ஆரம்பிச்சுரலாம்.”

படிவம் நான்கே வரிதான். பிரசவ நாளன்று மாலை 4.40 முதல் 4.51 வரை எனக்கு வலி எதுவும் ஏற்படவில்லை. வலிக்குக் காரணமான நிகழ்வு எதுவும் நடக்கவில்லை. பதிவானது கருவியின் பிழை. இந்தப் பதிவை நிரந்தரமாக அழிக்கச் சம்மதிக்கிறேன்.

வடிவு பேனாவை வாங்கினாள். முதல் எழுத்தை எழுதவும் தொடங்கினாள். ‘செ’யின் கொம்பு வந்துவிட்டது. அதற்குமேல் கை போகவில்லை.

“ரெண்டு பிள்ளைம்மா” என்றாள்.

ஹெப்சிபா நிமிர்ந்தாள்.

“நாலு ரெண்டுக்கு எம் மக. நாலு ஒம்பதுக்கு ஒரு பையன். அழவேயில்ல. திரைக்கு அந்தப் பக்கம் தூக்கிட்டுப் போயிட்டாங்க. இவ மட்டும் எங்கிட்ட கெடந்து கத்துதா. நாலு நாப்பதுக்குப் பெரிய டாக்டர் வந்து கட்டில்கிட்ட நின்னாரு. அவரு வாயத் தொறக்கதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.” வடிவு பேனாவை மூடினாள். “ரெட்டையில ஒண்ணு போனா அந்தப் பேச்ச எடுக்கக் கூடாதுன்னு எங்க மாமியா சொன்னாவ. எடுத்தா, போனது இருக்கிறதக் கூப்புட்டுக்கிடுமாம். அன்னைக்குலருந்து நான் ஒத்தப் பிள்ளைதான் பெத்தேன். வீட்டுல யாரும் பேசல. எங்க வீட்டுக்காரவுகளும் பேசல. பேரு இல்ல, படம் இல்ல. நான் மொகமும் பாக்கல.”

வெளியே எண்பதாம் எண்ணைக் கூப்பிட்டார்கள். ஹெப்சிபா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“நீங்க இத என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதுக்கா” என்றாள் குரலைத் தாழ்த்தி. “காரணத்தச் சொல்லிட்டா அது நெசமான வலி. நெசமான வலிய அழிக்க எனக்கு அதிகாரமில்ல. பத்து பத்தாவே நிக்கும். பல்லு மூணாவே கெடக்கும்.”

“அப்ப இது பிரசவ நாளு வலி இல்லியா? அதையும் பிரசவத்தோட சேத்து எடுக்க முடியாதா?”

“திருத்தம் உடம்பு சம்பந்தப்பட்ட பிரசவ வலிக்கு மட்டும்தான். இதுக்கு ஒரு பிரிவே கெடையாது. எழுதுனவங்க யோசிக்கல போல.” அவள் படிவத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். “நான் எதையும் கேக்கல. நீங்க எதையும் சொல்லல. கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. ஒரு கோடுதானக்கா. பல்லு இருந்தா சோறு. யாரு வந்து கேக்கப் போறா?”

அவள் சொன்னதில் தப்பில்லை என்று வடிவுக்குத் தெரிந்தது. திங்கட்கிழமை தெரிந்தது. பாதிச் சம்பளம் தெரிந்தது. மகிழாவின் பள்ளிக் கட்டணம் தெரிந்தது. வலது தாடை கொதித்துக்கொண்டிருந்தது. இதை அழித்தால் யாருக்கும் எதுவும் நட்டமில்லை. யாருக்குமே தெரியாத ஒன்று எவருக்கும் தெரியாமல் போகும், அவ்வளவுதான். அவள் படிவத்தை மறுபடி படித்தாள். வலிக்குக் காரணமான நிகழ்வு எதுவும் நடக்கவில்லை. மாமியார் சொன்னதைத்தான் தண்ணிழலும் எழுதி வைத்திருந்தது. வாயால் எட்டு வருடம் சொன்னாயிற்று. கையால் எழுதிக் கொடுப்பதுதான் பாக்கி.

“மெசின்ல தப்பு ஒண்ணும் இல்லம்மா” என்றாள். “அது சரியாத்தான் பாத்திருக்கு.”

“அக்கா, கோட்டித்தனமாப் பேசாதீங்க. எழுந்து போயிட்டா இன்னொரு தடவ இதத் தொறக்க முடியாது. விண்ணப்பம் முடிஞ்சுதுன்னு வந்துரும்.”

“வரட்டும். எனக்கு இந்தப் படத்த ஒரு பேப்பர்ல எடுத்துத் தருவியா?”

“அத வெளிய குடுக்க விதியில்ல.”

வடிவு நாற்காலியை விட்டு எழவில்லை. ஹெப்சிபா திரையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பிறகு மேசைக்கடியில் இருந்த பிரிண்டர் இருமிக்கொண்டு ஒரு தாளைத் தள்ளியது. அதை நான்காக மடித்து, கையெழுத்தாகாத படிவத்துக்கு அடியில் வைத்து நகர்த்தினாள்.

“குப்பைப் பேப்பர்னு நெனச்சு எடுத்துட்டுப் போங்க” என்றாள். “நீங்க செய்யுறது எனக்குப் புரியல. எங்கம்மாவா இருந்தா கையெழுத்துப் போடச் சொல்லித் திட்டியிருப்பேன்.”

பஸ்ஸில் பாதி வழியில் செய்தி வந்தது. விண்ணப்பம் முடிக்கப்பட்டது. இறுதி மதிப்பு மூன்று புள்ளி ஒன்று. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

அப்போது வடிவுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. போனைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே எறியலாம் என்று தோன்றியது. ஒன்பது நாள் மாத்திரையில்லாமல் கிடந்தது, கழிவறையில் வராத அழுகையை வரவழைத்தது, நாற்பது நிமிட நாதஸ்வரம், வெள்ளைச் சீட்டு, எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. கைப்பையைத் துழாவி வலி மாத்திரை இரண்டை எடுத்துத் தண்ணீரில்லாமலே விழுங்கினாள். இனிமேல் யாரும் கணக்குப் பார்க்கப் போவதில்லை.

சனிக்கிழமை காலை நஸ்ரீன் எதுவும் கேட்காமல் ஊசியை ஏற்றினாள். பல் பிடிவாதமாக இருந்தது. வெளியே வந்தபோது வேர் இரண்டும் முழுசாக வந்தன. பள்ளத்தில் பஞ்சை வைத்து, அரை மணி நேரம் கடித்துக்கொண்டே இருக்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது, ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று சொல்லி அனுப்பினாள்.

வெளி வராந்தா பெஞ்சில் பலவேசம் காத்திருந்தான். லோடை வேறொருவனிடம் தள்ளிவிட்டு வந்திருந்தான்.

“முடிஞ்சுதா? போவட்டும் விடு. மேசை வேலைன்னா என்ன, எல்லாரும் பாக்கதுதான். நான் ஒரு நடை கூட ஓட்டுனா முடிஞ்சு போச்சு. ஆபீஸ்ல அப்பிடி என்னதான் சொன்னான்? திருத்தம் இருக்குன்னு போன, திரும்பி வந்ததுலருந்து வாயே தொறக்கல. நான் அந்த ஆபீஸ்காரன் சட்டையப் புடிச்சிருக்கணும். நீ வரவேண்டாம்னுட்ட.”

வடிவால் பதில் சொல்ல முடியாது. கைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

பலவேசம் அதை விரித்தான். முதலில் தலைகீழாகப் பிடித்தான், பிறகு திருப்பினான். மேலே இருந்த தேதியை உதட்டசைத்துப் படித்தான். மகளின் பிறந்த நாள் என்று புரிந்ததும் அவன் விரல் கோட்டின் மேலேயே ஊர்ந்தது. மேடுகளில் ஏறி இறங்கி, சமவெளியைக் கடந்து, செங்குத்தான இடத்துக்கு வந்து நின்றது. அடியில் எழுதியிருந்த நேரத்தைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

“நாலு நாப்பதா?” என்றான். “ஒனக்கு நாலு நாப்பதுக்கா சொன்னாங்க?”

வடிவு தலையாட்டினாள்.

“எனக்கு நாலு முப்பத்தஞ்சுக்கே சொல்லிட்டாங்க. எதுத்தாப்புல செவத்துல கடிகாரம் இருந்துச்சு.” அவன் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அவகிட்ட சொல்லாதீங்க, தாங்க மாட்டான்னு டாக்டர் காலப் புடிச்சேன். சொல்லாம முடியாதுன்னுட்டாரு. அவரு ஒங்கிட்ட வந்த அந்த அஞ்சு நிமிசமும் நர்சம்மா அவன எங்கிட்ட குடுத்திருந்தாங்க. நான் கையில வச்சிருந்தேன்.”

வராந்தாவில் யாரோ டோக்கன் எண் கேட்டுக்கொண்டு போனார்கள். வடிவு வாயிலிருந்து பஞ்சை எடுத்தாள். அது முழுவதும் சிவந்திருந்தது. மரத்துப்போன உதடு அவள் சொன்னபடி கேட்கவில்லை.

“யாரு சாயலு?” என்றாள்.

“மொதல்ல பஞ்ச வையி. ரத்தம் வருது” என்றான் பலவேசம். அவள் வைக்கும் வரை பார்த்திருந்தான். பெஞ்சில் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தான். “முடி நெறைய இருந்துச்சு” என்றான். “நெத்தி வரைக்கும்.”